மெட்ராஸ் ஐன்னு புளுகினாரு

என் வூட்டுக்காரரு டிரெய்லர் லாரி ஓட்டுறவரு. ஹார்பருக்குள்ள கன்டெய்னர் எறக்கணும்னா திருவொத்தியூர்லேர்ந்தே வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். ஒரு நாளும் ஆவும், ரெண்டு நாளும் ஆவும். அந்த வரிசைல எடம் போயிடக் கூடாது, அவ்ளோதான் இவருக்கு. பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் அப்பறம்தான்.

அன்னிக்கு சும்மா நிக்காம, சைடு கண்ணாடியத் தொடைச்சிருக்காரு. கண்ணாடிக்குப் பின்னாடி குளவிக் கூடு. ஒண்ணு வந்து நேரா வலது கண்ணுலயே கொட்டிடுச்சு. வேற எவனா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். இவரு? பக்கத்து லாரி டிரைவர்கிட்ட மெட்ராஸ் ஐக்குப் போட்ட சொட்டு மருந்து மிச்சம் கீதுன்னு, அத வாங்கி வுட்டுக்கினு அங்கியே குந்திக்கினாரு. எனக்குப் போன் போட்டு, "மெட்ராஸ் ஐ வந்துகீதுமே. ஒட்டிக்கும், நீ வராத"ன்னு புளுகினாரு. நானும் நம்பித் தொலைச்சேன்.

மறுநாள் மத்தியானமும் வரல. மனசு கேக்கல, சோத்தக் கட்டிக்கினு போனேன். அய்யோ, கண்ணே தெரியல. பன்னு மாதிரி வீங்கி, தண்ணியா வழியுது.

"யோவ், இதுவாய்யா மெட்ராஸ் ஐ?"

"குளவி கொட்டிச்சுமே. இன்னும் பதினாறு வண்டிதான், இரு."

"கண்ணு போச்சுன்னா எந்த வண்டியய்யா ஓட்டுவ?"

"கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க."

பாக்கட்டுமே! சட்டையப் புடிச்சு எறக்கினேன். பக்கத்து டிரைவரு, "நீ போ மாமு, உன் வண்டியையும் நானே நகத்திக்கிறேன்"ன்னாரு. இத இவரு நேத்தே கேட்டிருந்தா இன்னாவாம்? வாயில இன்னா கொழக்கட்டையா வச்சிருந்தாரு?

கண்ணாஸ்பத்திரில டாக்டரம்மா மெஷின்ல பாத்துட்டு, கொடுக்கு நுனி ஒடிஞ்சு கருவிழில நிக்குதுன்னாங்க. அத எடுத்துட்டு, "கொட்டின உடனே கூட்டிட்டு வர மாட்டீங்களா?"ன்னு என்னப் பாத்து கேட்டாங்க. என்னப் போயி கேக்குறாங்க! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கியே ரெண்டு வச்சிருப்பேன் இவர.

பத்து நாள் கழிச்சு மறுபடி வரச் சொன்னாங்க. வழி முச்சூடும் திட்டிக்கினே போனேன். டாக்டரம்மா நல்ல கண்ண மறைச்சுட்டு, வெரலக் காட்டி, "எத்தன?"ன்னாங்க.

"மூணு"ன்னாரு இவரு, தெகிரியமா.

அவங்க காட்டினது ஒண்ணுதான். கையக் கீழ எறக்கிட்டாங்க.

இவரு எம்பக்கம் திரும்பி, "இன்னாமே, கரீட்டா?"ன்னாரு.

"கரீட்டுய்யா"ன்னேன்.