கோதுமையோடு அரைத்த ஆளி விதை

மார்பில் கட்டி வளர்ந்துகொண்டிருந்த மாதங்களில் நான் எதைச் சாப்பிட்டு அதை வளர்த்தேன்? இன்றுவரை விடை தெரியவில்லை.

குழந்தைக்குப் பாலை மறக்கடித்த பிறகும் இடது மார்பில் ஒரு கடினம் மிஞ்சியிருந்தது. பால் கட்டியிருக்கும் என்று நினைத்தேன். பயாப்ஸி (கட்டியில் சிறிது எடுத்துப் பார்க்கும் சோதனை) வேறு சொன்னது. மார்பை எடுத்தார்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளுக்கும் (நெறிகள்) பரவியிருந்தது. உடலில் சுரக்கும் பெண் ஹார்மோன் நோய்க்குத் தீனியாகாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை.

சமையலுக்கு என் மதினி, கணவரின் அக்கா, திருநெல்வேலியிலிருந்து, வடக்கே நாங்கள் குடியிருக்கும் லக்ஷ்மிபாய் நகருக்கு வந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மாள் அல்சி (ஆளி விதை) உருண்டை கொண்டுவந்து, உடம்பு தேறும் என்றார். அதில் பெண் ஹார்மோனைப் போன்ற பொருள் இருப்பதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். வாங்கி வைத்தேன், தொடவில்லை.

டாக்டர் தமிழர். அவரிடம் கேட்டேன்.

“அது ஹார்மோன் மாதிரி வேலை செய்யுமா, ஹார்மோனைத் தடுக்குமா, இன்னும் சரியாத் தெரியாதும்மா. மாத்திரையை விடாதீங்க. மத்தபடி வழக்கம்போல சாப்பிடுங்க.”

தெரியாதவர் எப்படி வழக்கம்போல என்கிறார்?

சில வாரங்களில் சப்பாத்தி கறுக்கத் தொடங்கியது. புதுக் கோதுமை அப்படித்தான் என்றார் மதினி. ஒருநாள் மாவு மில்லுக்கு நானே போனேன்.

“இன்னிக்கு அல்சி கலக்க வேண்டாமா, பஹன்ஜி?” என்று ஹிந்தியில் கேட்டார் மில்காரர்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் கேட்டேன்.

“சொன்னா நீ தின்னிருப்பியாக்கும்? எலும்பும் தோலுமா கெடந்தவ இப்ப மாடிப்படி ஏறுத. எதுனால ஏறுதயாம்?”

“மாத்திரையால, மதினி.”

“நீ மாத்திரைங்க. நான் மாவுங்கேன். ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெறவு என்னத்துக்குச் சண்ட?”

அடுத்த பரிசோதனையில் நோய் எங்கும் பரவியிருக்கவில்லை. மதினி என் தட்டில் இன்னொரு சப்பாத்தி வைத்தார். எனக்கோ சந்தேகம் இரட்டிப்பாயிற்று. மாவை நிறுத்தினால் என்னைக் காத்ததை நிறுத்துகிறேனோ? தொடர்ந்தால் நோய்க்கு ஊட்டுகிறேனோ?

மதினி ஊருக்குப் போய்விட்டார். என் உடம்பு இப்போது எனக்குப் பக்கத்து வீடு போல. உள்ளே என்ன நடக்கிறதென்று சுவரில் காது வைத்துக் கேட்கிறேன். எனக்கு வருஷங்கள் இல்லை. அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் காலம்.

என் விஷயத்தில் ஏதோ ஒரு முடிவெடுத்துவிடுவேன். என் மகளுக்கு நான்கு வயது. அவளும் அதே சப்பாத்தியைத்தான் தின்றாள். இப்போது அதுதான் வேண்டுமென்று அழவும் செய்கிறாள். இந்த வழியில் வந்த தாய்மார்கள் இருந்தால் சொல்லுங்கள்: அவள் தட்டில் நான் எதைப் போடட்டும்?