கரீபியன் படகில் எங்களுக்கு இடமில்லை

இன்று காலை சோழவந்தான் பேருந்தில் இருக்கும்போது, அமெரிக்காவிலிருந்து மகள் அழைத்தாள். எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். அது தவறோ என்னவோ.

"அப்பா, கரீபியன் தீவு ஒண்ணுல உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தனிப் படகு. பன்னெண்டு பேர் போற படகு, வேற யாரையும் ஏத்த மாட்டாங்க. மதியம் கார்ல தீவைச் சுத்திக் காட்டுவாங்க. புக் பண்ணிரவா?"

உறவுக்கூட்டம் இல்லாமல் நானும் மனைவியும் எங்குமே போனதில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்திக்கொண்டார். "மிச்ச பத்து எடமும் சும்மாவா போகும்? அநியாயமா இருக்கே!"

குலசாமி கோயிலுக்கு வேன் பிடித்தால் ஒரு சீட்டைக்கூடக் காலியாக விடாத ஊர்க்காரன் நான். நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டேன். மகளிடம் "அப்புறம் சொல்றேம்மா" என்று போனை வைத்தேன்.

"அப்ப எனக்கும் என் மதினிக்கும் ரெண்டு எடம்" என்றார் வெற்றிலை அம்மா.

"அண்ணே, நாங்க மூணு பேரு. புளியோதரை கட்டிக்கிட்டு வாரோம்" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

கண்டக்டர் தன் மச்சான் குடும்பத்தைச் சேர்த்தார். சமயநல்லூர் தாண்டுவதற்குள் பன்னிரண்டும் நிரம்பிவிட்டது.

"எங்களையும் சேத்தா பதினாலு வருதுங்களே" என்றேன், மெதுவாக.

வெற்றிலை அம்மா யோசித்தார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா கடக்காத்து? நாங்க படகுல போறோம். நீங்க ரெண்டு பேரும் மதியம் கார்ல வந்து சேந்துக்கங்க."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

மகளுக்கு என்ன பதில் சொல்லலாம், நண்பர்களே? அந்தக் காரில் எத்தனை பேர் போகலாம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.