வாய் இல்லாத மிஷின்

டிஸ்கை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் ஈவ்லின். பிறகு ஒரு ஊது. பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஒரே இழுப்பு. வட்டமாகத் துடைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "தோசக்கல்லா இது, சுத்திச் சுத்தித் தேய்க்கறதுக்கு?" என்பார்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் மெயின் ரோட்டில் அவருடைய வீடியோ கேம் கடை. பத்தடிக்கு எட்டடி. உட்கார்ந்து ஆட இரண்டு டிவி, வீட்டுக்கு எடுத்துப்போக முந்நூற்றுச் சொச்சம் டிஸ்க். வயது ஐம்பத்தொன்பது, படிப்பு நாலாம் வகுப்பு. அதை யாரும் கேட்காமலே சொல்வார். "நாலாங்கிளாசுதான். பெங்களூர்ல செத்துப்போச்சுன்னு கைவிட்ட மிஷின ஒரே ஸ்க்ரூட்ரைவர்ல எழுப்பி உக்கார வச்சவ நான். போய்க் கேளு!" யாரிடம் போய்க் கேட்பது என்று சொல்ல மாட்டார். ஆனால் பேச்சில் பொய் கிடையாது. யாரிடமும் கைகட்டி நின்று கற்றுக்கொண்ட தொழிலும் இல்லை.

கடையில் நோட்டு இல்லை. சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எண் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று. டிஸ்க் எடுத்தால் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். டிஸ்க் திரும்பி வந்தால் டோக்கன் கைக்குப் போகும். அவருடைய அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய காலத்தில் ஆளைக் கணக்கு வைத்த முறை அது. "ஆயிரம் பேர எண்ணின பலகை. முந்நூறு டிஸ்க எண்ணாதா?"

டிஸ்க் போட இடமே இல்லாத கேம் மிஷின் ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது ஈவ்லின் சிரித்தார். "வாய் இல்லாத மிஷினா? தீனி எப்படிப் போடுவானுங்க?" போன வாரம் இரண்டு பேர் அதை வாங்கப்போவதாகச் சொல்லி, டோக்கனை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிரிப்பு நின்றது. இன்னும் பத்துப் பேர் அப்படிக் கொடுத்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம், தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் மனோகர், ரயிலிறங்கிப் பையோடு நேரே கடைக்கு வந்தான். ஒன்பது வருஷ வாடிக்கை, பதினேழாம் நம்பர்.

"இன்னா மனோகரு, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்ற?"

"புது மிஷின் புக் பண்ணிட்டேன் ஆன்ட்டி. கிறிஸ்மசுக்கு வந்துடும். மாசாமாசம் சந்தா கட்னா எல்லா கேமும் டவுன்லோட் ஆயிடும்." டோக்கனை மேஜைமேல் வைத்தான்.

ஈவ்லின் அதைத் தொடவில்லை. துணியை நாலாக மடித்தார்.

"ஒரு கேமு எம்மாம் பெருசு?"

"நூறு ஜிபி வரும்."

"உங்க மைன்ஸ் லைன் வீடுங்களுக்கு நெட் கேபிள் இழுத்துட்டானா?"

"எங்க ஆன்ட்டி! போன் நெட்டுதான். ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி."

"அம்பது நாளு. கிறிஸ்மசுக்கு வர்ற மிஷின்ல பிப்ரவரி தாண்டி தவக்காலத்துக்குத்தான் ஆடுவ."

மனோகர் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. வாசலுக்கு மேலே கறுப்பாக நுழையும் கேபிளைக் காட்டினார். "மூணு ஷிப்டும் நெட்டு குழாத்தண்ணி மாதிரி வருது. சந்தா உன்னுதே இருக்கட்டும், ரொப்புற கூலி என்னுது. காத்தால ரயிலுக்குப் போறப்ப மிஷின இங்க வுடு. சாயங்காலம் ரொப்பி வச்சிருப்பேன்."

"அம்மாம் வெல மிஷின வுட்டுட்டுப் போனா எனக்கு இன்னா ஆதாரம்?"

"இந்தப் பித்தளதான். மிஷின் என்கிட்ட, டோக்கன் உன்கிட்ட. இதுவரைக்கும் உன்னுத நான் ஆணியில மாட்டினேன். இனிமே என் கடைய நீ பாக்கெட்ல போட்டுக்கினு போ."

டோக்கனை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டு, போனில் மிஷின் படத்தைக் காட்டச் சொன்னார். அகலம் கேட்டார். அலமாரித் தட்டில் கையை விரித்து ஒரு சாண், நாலு விரல் அளந்தார். அளந்த கையை எடுக்காமலே, மறு கையால் அந்த இடத்திலிருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே வைக்கத் தொடங்கினார்.