ரூ பிக், அப்பா

இன்று மகனுக்குச் சப்பாத்து வாங்க வவுனியாவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். போட்டுப் பார்த்தவன், "ரூ பிக், அப்பா" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னான். அளவுக்கு மிஞ்சிப் பெரிசாம்.

எனக்குத் துணுக்காய் ஊரில் படித்த காலம் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி, இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம், மரத்தடி வகுப்பு. அளவுக்கு மிஞ்சியதைச் சொல்ல 'ரூ' போட வேண்டும் என்று ஆங்கில ரீச்சர் சொல்லிக்கொடுத்தார். உதாரணத்துக்கு நான் அகப்பட்டேன். நான் போட்டிருந்தது நிவாரணத்தில் கிடைத்த கம்பளிக் கோட்.

"உன்ர கோட்டைப் பற்றி ஒரு வசனம் சொல்லு."

"குட் கோட், ரீச்சர்."

"கை முழங்காலுக்கு வருது, வேர்வை ஊத்துது. 'ரூ' போட்டுச் சொல்லு."

"மாட்டன் ரீச்சர். பிறகு நிவாரணம் தந்த ஆக்கள் திருப்பி வாங்கிப்போடுவினம்."

வகுப்பே தலையாட்டியது. எல்லோர் உடம்பிலும் நிவாரணம்தான்.

ரீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதுவும் நிவாரணத்தில் வந்த ஆம்பிளைச் சப்பாத்து, நுனியில் கடதாசி அடைத்தது. கரும்பலகையில் 'ரூ'வை அழித்துவிட்டு 'வெரி' என்று எழுதினார்.

இன்று மகனின் சப்பாத்தைப் பறிக்க யாரும் வரவில்லை. நான்தான் ஒருதரம் வாசலைப் பார்த்தேன். பிறகு, "வளருவாய்தானே, அதையே எடு" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இன்னும் 'வெரி'தானா?