கப்பும் மடிப்பு மேசையும்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச வராமல் இல்லை. பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். அந்த "ம்" சரியா, வேண்டாமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான்: அவளுடைய ரோலர் ஜோடி நெட்டை.

ரோலர் வேலை ஜோடி வேலை. தங்கும் விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து ஈரத்தோடு கொண்டுவந்து குவிப்பார்கள். ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, ஒரே மூச்சில் ரோலரின் வாயில், துணியைத் தேய்த்துக் காயவைக்கும் சூடான உருளைகளுக்கு நடுவே, கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். கோணலாகப் போனது சுருக்கத்தோடு வெந்து வெளியே வரும்; அதை மறுபடியும் தண்ணீரில்தான் போட வேண்டும். ஒருத்தி கழிப்பறைக்குப் போனால் மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ரோலர் வெறுமனே சுற்றும். அதைப் பார்த்தால் மேனேஜருக்கு வயிறு எரியும்.

ரோலரின் மறுபக்கம் மடிப்பு மேசை. அங்கே முக்காலி உண்டு, காற்று வர ஜன்னல் உண்டு, கழிப்பறைக் கதவு கைக்கெட்டும் தூரம். மாதவிலக்கு வந்தவள் காலையில் நேராக அங்கே போய், உட்கார்ந்திருப்பவளின் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவள் ஏன் என்று கேட்காமல் எழுந்து ரோலருக்கு வந்துவிடுவாள். இந்த ஏற்பாட்டை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆண்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. இப்போதைய சூப்பர்வைசர் அம்மாவுக்குத் தெரியும்; ரோலரிலிருந்து மேலே போனவள் அவள். அவள் தட்டாத தோள் இல்லை.

ஊமச்சியும் தட்டியவள்தான். மேசைக்குப் போனாலும் அவளுடைய தொல்லை தீரவில்லை. அவள் தொல்லை நாப்கின். நீராவி அடிக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கை இடுக்கிக்கொண்டு நடந்து நடந்து இரண்டு தொடையும் தோல் உரிந்துவிடும். மாற்றலாம் என்று போனால் கழிப்பறையில் மூடி இல்லாத ஒரு வாளி, அது எப்போதும் வழிந்துகொண்டிருக்கும். விடுதியில் தங்கிப்போன யார் யாருடைய ரத்தக் கறையையோ குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பால்போல வெளுத்து அனுப்பும் இடத்தில், வேலை செய்கிறவள் தன்னுடையதைச் சுற்றிப் போட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே வந்து "ம்" என்பதோடு சரி.

முதலில் அவள் துணிக்குத்தான் மாறினாள். கழித்துப்போட்ட பருத்தி விரிப்பைக் கிழித்து, நாலு மடிப்பாகத் தைத்து, கீழே பட்டன் வைத்துக்கொண்டாள். தோலுக்கு இதமாக இருந்தது. ஆனால் துணி காய வெயில் வேண்டும். அவள் குடியிருந்த வீட்டில் ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தது. மாடிக் கொடியில் போட்டதும் வீட்டுச் சொந்தக்காரர் மாடிக் கதவைப் பூட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிக்கொண்டு போனதில் அரிப்பு வந்ததுதான் மிச்சம்.

அரிப்புக்கு மருந்து வாங்கப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான், நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் கப்பைக் காட்டினாள். மிருதுவான ரப்பர் மாதிரி, சின்ன மணியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எப்படி மடிப்பது, உள்ளே போனதும் எப்படி விரியும் என்று விரலில் வைத்துக் காட்டினாள். முதல் மாதம் அது ஊமச்சிக்கு அடங்கவில்லை. ஒருநாள் ஒழுகியது. ஒருநாள் எடுக்க வராமல் குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து அழுதாள். சனியனே என்று அதைத் திட்டினாள். அடுத்த மாதம் கைக்குப் பிடிபட்டது.

கழுவிய கப்பைப் போட்டுக் கொதிக்க வைக்க ஒரு சின்னப் பாத்திரம் ஒதுக்கினாள். கூடவே இருக்கும் நாத்தனார் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, முட்டையா வேகுது? எனக்கும் ஒண்ணு வைங்க."

"ம்."

நாத்தனார் மூடியைத் திறந்தாள். "அய்யய்யே, என்னது இது, புனலா?"

ஊமச்சி இரண்டே வார்த்தையில் சொன்னாள். நாத்தனார் கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "உள்ளயா? இம்மாம் பெருசா? ஆளை விடுங்க சாமி! அந்தப் பாத்திரத்துல மட்டும் எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துடாதீங்க, சொல்லிட்டேன்."

காலையில் போட்டுக்கொண்டு போனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கழுவினால் போதும். வாளி இல்லை, புண் இல்லை, கறை பட்டிருக்குமோ என்று பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது இல்லை. ஊமச்சிக்கு ஏற்கெனவே வலி அவ்வளவாக இராது. அதனால் மேசைக்குப் போகவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. தோளைத் தட்டுவதை விட்டுவிட்டாள். இதை யாராவது கவனிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நெட்டையின் கதை வேறு. கருத்தடைக்குக் காப்பர் டி போட்ட நாளிலிருந்து அவளுக்கு மாதாமாதம் திறந்துவிட்ட குழாய் மாதிரி கொட்டும். இடுப்பை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலிக்கும். மேசைக்குப் போனால் முழங்காலை மடித்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு மாதிரி ஓட்டிவிடுவாள். அவள் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஊமச்சி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் காதோடு கப்பைப் பற்றிச் சொன்னாள். சொன்னது அவள் ஒருத்தியிடம்தான். ஆனால் நெட்டையின் தொண்டைக்கு ரகசியம் பேசத் தெரியாது.

"அடியேய், கேட்டீங்களா? மேல வாய்க்கும் மூடி, கீழயும் மூடி! எல்லாத்தையும் மூடிட்டுத்தான் வேலைக்கு வர்றா இவ!"

சாப்பாட்டு அறையே குலுங்கியது. ஊமச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த சூப்பர்வைசர் அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அதான் இப்பல்லாம் நீ மேசைக்கே வர்றதில்லயா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"ம்," என்றாள் ஊமச்சி.

அந்த "ம்" எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வாரம் எல்லாரையும் விரிப்புகளை வண்டியில் ஏற்றும் இடத்துக்கு வரச் சொன்னார்கள். மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டி பக்கத்தில் நின்றிருந்தார். இத்தனை நாள் "லேடீஸ் பிராப்ளம்" என்று சொல்லவே வாய் கூசி, பேச்சை மாற்றிக்கொண்டு ஓடுகிற மனிதர் அவர். அன்றைக்கு "கப்" என்ற சொல் அவர் வாயில் வெல்லக்கட்டி மாதிரி உருண்டது.

"நம்மகிட்ட வேலை பார்க்கிற ஒருத்தரே நமக்கு வழி காட்டியிருக்காங்க. மாசம் பூரா ரோலரை விட்டு நகர்றதில்ல, அவங்க. அதனால கம்பெனி செலவுல ஆளுக்கு ஒண்ணு வாங்கியாச்சு. இனிமே இந்த மேசை மாத்துற பழக்கம் வேணாம். ரோலர் சும்மா சுத்தக் கூடாது, அவ்வளவுதான். எங்கம்மா அவங்க? முன்னால வாங்க. கைதட்டுங்க எல்லாரும்."

யாரும் தட்டவில்லை. மேனேஜரும் சூப்பர்வைசர் அம்மாவும் மட்டும் தட்டினார்கள். ஊமச்சிக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

திரும்பும்போதே ஆரம்பித்தார்கள்.

"நல்லா வச்சடி ஆப்பு."

"ஊமைன்னு பேரு. ஊரையே வித்துட்டா பாரு."

"உனக்கு வசதின்னா உன்னோட வச்சுக்க வேண்டியதுதான? மேடம் கேட்டா மேசைக்கு வர்றதில்லன்னு ஏன் ஒத்துக்கிட்ட?"

நெட்டை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் ஓயாத வாய் மூடியிருந்ததுதான் ஊமச்சியை அதிகம் சுட்டது. முதலில் கத்தியது நான்தான் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். ஊமச்சி அன்றைக்கு வீட்டில் பாத்திரங்களை எல்லாம் நங்கென்று வைத்தாள். நெட்டைமேல் கோபம். தன்மேல் கோபம். அடுப்பின்மேல்கூடக் கோபம். ஒரு நல்ல பொருள், எத்தனையோ வருடம் கழித்து உடம்புக்குக் கிடைத்த ஒரு நிம்மதி. அதை எடுத்து எப்படி மற்றவர்கள் கழுத்தில் சுருக்காக மாட்டினார்கள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு கொதித்தது.

பெட்டியிலிருந்து சிலர் கப் எடுத்துக்கொண்டார்கள். சிலர் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு நெட்டையின் நாள் வந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. பழக்க தோஷத்தில் மேசைக்குப் போய் அங்கே இருந்தவளின் தோளைத் தட்டினாள். அவள் சூப்பர்வைசர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா கூடாது என்று தலையை ஆட்டவும், மேசைக்காரி குனிந்து மடித்துக்கொண்டே இருந்தாள். நெட்டை ரோலருக்கு வந்து தன் மூலையைப் பிடித்தாள்.

உதறினார்கள், இழுத்தார்கள், கொடுத்தார்கள். நெட்டையின் கை தாழ்ந்துகொண்டே போனது. விரிப்புகள் ஒவ்வொன்றாகக் கோணிக்கொண்டு போயின. சூப்பர்வைசர் அம்மா வந்தாள்.

"என்ன, தூங்குறியா? கப்பு குடுத்தோம்ல, போட்டுக்கலையா?"

"எனக்கு காப்பர் டி இருக்கு மேடம். கப்பை இழுத்தா அதுவும் கூட வந்துடும், வேணாம்னு நர்ஸ் சொல்லிட்டாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருப்பீங்க. இவளைப் பாரு, வாயைத் திறக்காம வேலை பார்க்கலையா?"

இவளைப் பாரு. அந்த வார்த்தையில் ஊமச்சிக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. விரிப்பு அப்போது ரோலர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் தன் மூலையை விட்டுவிட்டாள்.

விட்ட மூலை பறந்தது. நெட்டையின் பக்கம் மட்டும் உள்ளே போய், முழு விரிப்பும் கயிறாக முறுக்கிக்கொண்டு உருளையைச் சுற்றிக்கொண்டது. கருகும் வாசனை வந்தது. சூப்பர்வைசர் அம்மா ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அடித்தாள். ரோலர் நின்றது. 

மேனேஜர் படியிறங்கி ஓடி வந்தார். "யாரு? யாரு விட்டது?"

"நான்தான் சார்," என்றாள் ஊமச்சி. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. "வேணும்னுதான் விட்டேன்."

"என்னம்மா, உனக்கு என்ன கேடு? உன்னைத்தான நாங்க எல்லார் முன்னாலயும் பாராட்டினோம்?"

"யாரு கேட்டா உங்க பாராட்டை? என் உடம்புல நான் என்ன வச்சிருக்கேன்னு வண்டிக்காரங்க நிக்கிற இடத்துல சொல்லச் சொன்னனா? அந்தக் கப்பு ரத்தத்தைப் பிடிக்கும் சார். வலியைப் பிடிக்குமா? மயக்கம் வந்தா பிடிக்குமா? எனக்கு ஒத்துக்கிச்சு, போட்டுக்கிட்டேன். இவளுக்கு ஆகாது. இன்னொருத்திக்குப் பிடிக்காது. அது அவங்கவங்க இஷ்டம். நீங்க யாரு அதுல?"

"இந்தா பாரு, வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். அதனாலதான் போகாம நின்னு பேசுறேன். என் பேரைச் சொல்லித்தான மேசையைப் புடுங்குனீங்க? என் பேரைச் சொல்லியே திருப்பிக் குடுங்க."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். மற்ற ரோலர்களிலும் கைகள் நின்றிருந்தன. வெளியே வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். மேசைக்காரி மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். தோளை யாரும் தட்டவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வந்து நெட்டையை இடுப்போடு அணைத்து நகர்த்திவிட்டு, அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

"போடி, போய் உட்காரு," என்றாள். "மூஞ்சியப் பாரு, பேய் அறைஞ்ச மாதிரி."

நெட்டை போகும்போது ஊமச்சியின் கையைப் பிடித்தாள். "நான்தான்டி அன்னைக்குக் கத்தித் தொலைச்சேன்," என்று தொடங்கினாள்.

"தெரியும். அதை அப்புறம் வச்சுக்கிறேன். முதல்ல உட்காரு."

மேனேஜர் கருகிய விரிப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி நிக்குது. முதல்ல இதை அறுத்து எடுத்து ஓட்டுங்க. மத்ததைப் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு மேலே போனார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் அம்மாதான் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். உருளையில் ஒட்டியிருந்த துணியை ஊமச்சியோடு சேர்ந்து உரித்தாள். சூட்டில் விரல் நுனி சிவந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு. மேலருந்து நெருக்குறாங்க. உன்னைப் பத்தி நல்ல விதமாத்தான் சொன்னேன்."

"நீங்களும் இந்த மேசையில உட்கார்ந்தவங்கதான மேடம்?"

அவள் முறுக்கிய துணியில் கத்தரிக்கோலை ஓட்டினாள். 

"சரி, மேசை இருக்கிற மாதிரியே இருக்கட்டும். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ கோபத்தை விடு."

"பேசிட்டு வாங்க. எல்லார் முன்னாலயும் வந்து சொல்லுங்க, அன்னைக்குச் சொன்ன அதே இடத்துல. அப்புறம் விடலாமா வேணாமான்னு பார்க்கிறேன்."

ஊமச்சி பட்டனை அழுத்தினாள். ரோலர் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. புது ஜோடிக்காரியிடம் விரிப்பின் மறுமூலையைத் தூக்கிப் போட்டு, "இழு," என்றாள்.