மீதமிருந்த பதினோரு துளைகள்

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் இருந்தேன். கைப்பேசி அணைந்து பைக்குள் கிடந்தது. விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் நின்று பார்த்தபோது, சுசீலா அக்காவின் மகள் கல்பனா பலமுறை கூப்பிட்டிருந்தாள். திருப்பி அழைத்தேன். "ஆன்ட்டி, அம்மா காலைல போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள். தெலுங்கில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். குகட்பள்ளியில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல் நேராகச் செகந்திராபாத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

சைனிக்புரியில் ஞாயிறுதோறும் தோல் வேலைக்கு உட்காரும் நம்மில் பலருக்கு சுசீலா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் நம் மேசைக்கு வந்த அதே ஞாயிறுதான் நானும் வந்தேன். இருவருக்கும் வேலை தெரியாது என்பதால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

முதல் மாதமே தடித்த எருமைத் தோலில் ஒரு கோப்பு உறை. விளிம்பைச் சுற்றித் துளையிட்டு, ஆட்டுத்தோல் நாடாவை ஒவ்வொரு துளையாக நுழைத்து, முந்தைய சுற்றுக்கு அடியில் செலுத்திப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறவள் என்ற துணிச்சலில், விளிம்பை அளந்து பெருக்கி, எவ்வளவு நாடா தேவை என்று தாளில் எழுதி, அதையே வெட்டினேன். கடைசிப் பக்கத்தில் பாதி தூரத்திலேயே நாடா தீர்ந்துவிட்டது. அக்கா என் தாளை எடுத்துப் பார்த்தார். "கணக்கு கரெக்டுதான், ப்ரொபசரம்மா. தோலுக்குத் தடிமன்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போக நாடா நடந்து போவுமா, பறந்து போவுமா?" மேசையே சிரித்தது. அதன் பிறகு கடைசிவரை நான் அவருக்கு ப்ரொபசரம்மாதான்.

அவரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய அவநம்பிக்கை. யாராவது அவர் வேலையை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் விடமாட்டார். "எங்க நல்லா இருக்கு? காட்டு" என்பார். மூலை திரும்பும்போது ஒரே துளையில் மூன்று முறை நாடாவை நுழைத்தால்தான் விளிம்பு மூடும். நான் சோம்பல்பட்டு ஒருமுறையோடு திரும்பியிருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் விளிம்பின் மேல் கட்டைவிரலை ஓட்டி, மூலையில் நிறுத்தி, "பல்லு தெரியுது. ரிஜெக்ட்" என்பார். பின்னல் இடைவெளியில் தோல் விளிம்பு எட்டிப்பார்ப்பதைத்தான் பல் என்பார். நல்ல வார்த்தை சொல்லி ஏமாற்றாத மனிதர்களை எனக்கு அதிகம் தெரியாது. அவர் பாராட்டிய இரண்டு மூன்று முறையும் நான் அதை அப்படியே நம்பினேன்.

பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நரம்பு நோய் என்றார்கள். கல்பனாவுக்காக ஒரு தோள்பை செய்துகொண்டிருந்தார். மூடியின் விளிம்பில் பின்னல் ஒரு சுற்று இறுகியும் ஒரு சுற்று தொங்கியும் வந்தது. இதன் முடிவை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள். பக்கிள் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒரு பக்கப் பின்னலை முழுதாக அவிழ்த்து, என் கையால் சீராகப் போட்டு, மரச்சுத்தியலால் தட்டிச் சமன்செய்து கொண்டுவந்தேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

அவர் கட்டைவிரலை ஓட்டினார். பாதியில் நின்றுவிட்டது. "இது யார் கை?" என்று கேட்டார். கொஞ்சம் சரிசெய்தேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"சர்வீஸ் பூரா அடுத்தவங்க வேலையப் பாத்துக் கையெழுத்து போட்டவ நான். நான் செய்யாததுல என் பேரு நக்கோ."

வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் நக்கோ என்றுதான் சொல்வார். கத்திரிக்கோலை எடுத்து நான் போட்ட பின்னலை ஒவ்வொன்றாக நறுக்கினார். கை நடுங்கியதால் அதற்கே வெகுநேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை, யாரும் உதவவும் இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகள் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். நான் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒரே ஆள் அவர். அதைக் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசியையும் நாடாவையும் என் முன் வைத்தார். "கோர்க்க வரல. இத மட்டும் கோர்த்துக் குடு. கேட்டதக் குடு, கேக்காதத குடுக்காத. சரியா?" சரி என்றேன். "ஹவ், ஆமா, இப்பத்தான் ப்ரொபசரம்மாவுக்குப் புரிஞ்சுது" என்று மற்றவர்களிடம் அறிவித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தவுடன் நான்கு ஊசிகளில் நாடா கோத்து அவர் வலப்பக்கம் வரிசையாக வைப்பேன். அதற்குமேல் ஒன்றும் செய்ததில்லை. நறுக்கிப்போட்ட பக்கம் முழுவதையும் அவரே மறுபடி பின்னினார். கோணல்தான். ஆனால் எந்த மூலையிலும் பல் தெரியவில்லை.

கடைசி மாதங்களில் அவரால் வர முடியவில்லை. நான் வீட்டுக்குப் போவேன். ஒருநாள் பையை என் மடியில் வைத்தார். "பதினொரு ஓட்டை மீதி இருக்கு. இனிமே என்னால ஆவாது. நீ போட்டுடு."

உங்கள் பின்னலைப் போலவே கொஞ்சம் தளர்த்திப் போடட்டுமா என்று கேட்டேன்.

"நக்கோ. உன் கைக்கு எப்பிடி வருதோ அப்பிடியே போடு. நாடா சேர்ற எடத்த மறைக்காத. சீக்கிரம் முடி, பாத்து பாஸ் பண்ண நான் இருக்கணும்ல?"

பதினோரு துளைக்கு அரை மணி நேரம் போதும். நான் ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். விடைத்தாள் திருத்துகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உண்மை வேறு. பை முடியாமல் இருக்கும்வரை அவரும் இருப்பார் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. சகுனம், ஜாதகம் என்று பேசுகிறவர்களை வகுப்பறையில் கேலி செய்கிறவள் நான். அவர் கேட்டதைக் கொடுக்காமல் விட்டது இந்த ஒருமுறைதான்.

காரியத்துக்கு முந்தின நாள் மாலை உட்கார்ந்து போட்டேன். நாடாவை இணைக்கும்போது இரண்டு நுனிகளையும் மெல்லியதாகச் சீவி ஒட்டி, இணைப்பைப் பின்பக்கம் தள்ளி மறைப்பதுதான் வழக்கம். அதை முன்பக்கமே விட்டேன். அவர் கைபட்டுக் கறுத்த பழுப்பு அங்கே முடிந்து, என்னுடைய புது நாடா தொடங்குகிறது.

மறுநாள் காரியத்தில் கல்பனா பையை வாங்கி அம்மாவைப் போலவே விரலை ஓட்டினாள். இணைப்பில் நிறுத்தி, "இங்கருந்து நீங்களா ஆன்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கட்டைவிரலைத்தான். முன்தினம் கடைசித் துளையை முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பின் மேல் என் விரலை ஓட்டினேன். எட்டாவது துளையில் சுற்று தளர்ந்திருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை. கடைசியிலிருந்து எட்டாவது வரை அவிழ்த்துத் திரும்பப் போட்டேன்.