‘தாய்’ என்ற சொல்லுக்குப் பிறகு

அந்த வெள்ளத்தில் இரத்தினபுரிப் பக்கம் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த சித்தி நிறைமாதக்காரி. அவரிடம் போவதற்காக அரிசி லொறி ஒன்றில் இடம் பிடித்துக்கொண்டு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசலில் பையோடு நின்றார் சித்தப்பா. லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

அப்பா லைசன்ஸ் எடுத்து வீட்டிலேயே ரேடியோ வைத்திருந்தவர். மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் ஊர் உலகத்தோடெல்லாம் கதைப்பார். அம்மா எதைச் சொன்னாலும் காதில் வாங்காமலே ‘ஓம் ஓம்’ என்பவர், ரேடியோவில் ஓர் எழுத்துத் தவறினாலும் ‘டிட் டா டிட்’ தட்டமாட்டார். வந்த செய்தி முழுவதும் கிடைத்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அன்று இரத்தினபுரியிலிருந்து யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சித்தியின் பெயர். பெண் பிள்ளை. தாய்... அதற்குமேல் ஒரே இரைச்சல்.

“தாயும் சுகம் எண்டுதானே அண்ணை வரும். கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ, நான் வெளிக்கிடுறன்,” என்றார் சித்தப்பா.

“கிடைக்கேல்லை தம்பி. கொஞ்சம் பொறும்.”

‘தாய்’ என்ற சொல்லுக்குப் பிறகு வந்ததைத் திரும்ப அனுப்பும்படி அப்பா கேட்டார். மறுபடி இரைச்சல். மறுபடி கேட்டார். லொறி போய்விட்டது. சித்தப்பா பையைத் தரையில் போட்டுவிட்டு அப்பாவை முறைத்தார். அம்மா, “இஞ்சேருங்கோ, அவரை ஏன் மறிக்கிறியள்?” என்றார். அப்பா திரும்பியே பார்க்கவில்லை.

கடைசியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தாய்க்கு இரத்தப்போக்கு, கொழும்புக்கு அனுப்பியாயிற்று, கணவர் கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு வரவும்.

அப்பா அதை இன்னொரு தரம் திருப்பி அனுப்பிச் சரிபார்த்த பிறகுதான் ‘டிட் டா டிட்’ தட்டினார்.

சித்தப்பா சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இரத்தம் கொடுத்தார். சித்தி பிழைத்தார்.

அன்று நாங்கள் எல்லோரும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அப்பா மட்டும் வரவில்லை. “நீங்கள் போங்கோ,” என்று சொல்லிவிட்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சித்தியில் கொஞ்சமும் பாசமில்லாத மனுசன் என்று வழி முழுக்கப் பொருமினேன். இரத்தினபுரியில் அந்த முகம் தெரியாதவர் முன்னால் இன்னும் எத்தனை வீட்டுச் செய்திகள் காத்துக் கிடந்தன என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.